முதல் சோற்றுக்கு உலைத்தண்ணீர்

பாப்பா உங்க மடியிலேயே இருக்கட்டும் அக்கா. எனக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக எழுப்பாதீங்க. நாகப்பட்டினத்தில் ஏறும்போது ஒரு கையில் பிள்ளை, தோளில் பை, இன்னொரு கையில் இந்த ஐஸ் பெட்டி. யாராவது பிள்ளையை வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று பார்த்தேன். பஸ் முழுக்க எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்க மட்டும்தான் "கொடும்மா" என்று கை நீட்டினீங்க. பெட்டியையும் கேட்டீங்க. அதை நான் தரவில்லை. உங்க முகம் கொஞ்சம் மாறியது, பார்த்தேன். பிள்ளையைத் தூக்கித் தந்துவிட்டாள், பெட்டியைத் தர மாட்டேன் என்கிறாளே, இவள் என்ன தாய் என்று நினைத்திருப்பீங்க.

மீன் இல்லை அக்கா. தண்ணீர். மூன்று கண்ணாடி பாட்டில் தண்ணீர். ஒரு குமிழி காற்றுகூட உள்ளே நிற்காமல் விளிம்பு வரை நிரப்பி, மூடி, டேப் ஒட்டி, டேப்பின் மேல் இரண்டு பேர் கையெழுத்து. ஒன்று எங்க வீட்டுக்காரர், இன்னொன்று அவருக்கு ஆகாதவர். திருச்சியில் ஒரு லேப் இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குள் ஒப்படைக்கவேண்டும். ஊர் என்னை நம்பித் தந்திருக்கிறது.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் இல்லை. நான் பயந்த சுபாவமே கிடையாது. பாப்பா தூங்கும்போது மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன், அது எல்லா அம்மாவும் செய்கிறதுதானே? மணிக்கு நாலு தடவை பார்ப்பேன். அவ்வளவுதான். இப்போதுகூட, கொஞ்சம் உங்க கையை விலக்குங்க... ம், சரியாக இருக்கிறாள்.

என் பேர் இளவஞ்சி. ஊர் கீழப்புலியமங்கலம். வயலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணறு இருக்கிற ஊர். எண்ணெய்க் கிணறு என்றால் எண்ணெய் மட்டும்தான் வரும் என்று கல்யாணம் ஆகி வரும்வரை நானும் நினைத்திருந்தேன். எண்ணெய் ஒரு குடம் வந்தால் கூடவே தண்ணீர் நாலு குடம் வரும் அக்கா. பூமிக்கு அடியில் எந்தக் காலத்திலிருந்தோ கிடந்த தண்ணீர். கடல் தண்ணீரே பரவாயில்லை என்று சொல்லவைக்கிற உப்பு. அதன் மேல் எண்ணெய்ப் படலம் வேறு. அது போகிற குழாய் ஒருமுறை வெடித்து ஆசைத்தம்பி அண்ணன் வயலில் பாய்ந்துவிட்டது. மூன்று மா நிலம். நாலு வருஷமாக அதில் கோரைகூட முளைக்கவில்லை. அவர் அந்த மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவைத்திருப்பார். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அதிகாரி மேஜையில் கொண்டுபோய் வைப்பார். "டீயில ஒரு கரண்டி போட்டுக் குடிங்க சார்" என்பார். அந்த ஆசைத்தம்பி அண்ணன்தான் டேப்பில் இரண்டாவது கையெழுத்து.

எங்க வீட்டுக்காரர் குணசீலன் அந்தத் தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற புது பிளாண்டில் ஆபரேட்டர். ஆறு மாதத்துக்குச் சோதனைக்காகப் போட்டிருக்கிறார்கள். ஓடினால் பிளாண்ட் நிரந்தரம், இவர் வேலையும் நிரந்தரம். ஓடாவிட்டால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், இவர் மறுபடி திருப்பூருக்கு. பாப்பா பிறந்தபோது திருப்பூரில்தான் இருந்தார். முப்பத்தெட்டு நாள் கழித்துத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் இவரைப் பார்த்து வீரிட்டு அழுதாள். அந்த அழுகை இவருக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதனால் பிளாண்ட் ஓடவேண்டும் என்று என்னைவிட வேண்டிக்கொண்டவள் யாரும் கிடையாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்க.

அந்த பிளாண்டில் மெம்பரேன் என்று ஒன்று, உப்பை வடிகட்டுகிற சவ்வு. அவர் சொல்கிறதைக் கேட்டால் ஏதோ முகூர்த்தப் பட்டு என்று நினைப்பீங்க. மெல்லிசுத் தாள் மாதிரி இருக்கும். கோரைப்பாயைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி நீளக் குழாய்க்குள் செருகியிருப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிட்டால் அதற்கென்று மருந்து கலந்து குளிப்பாட்டவேண்டும். பெற்ற பிள்ளையை இன்றுவரை ஒருநாள் குளிப்பாட்டியதில்லை அக்கா இவர். மெம்பரேனுக்கு வாரம் இரண்டு முறை குளியல்!

போன மாதம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் சார் ஏதோ படம் எல்லாம் போட்டு விளக்கினார். ஒருவருக்கும் புரியவில்லை. இவர் எழுந்தார்.

"மாங்காய்க்கு உப்புப் போட்டு வைக்கிறோம்ல? மறுநா ஜாடியில தண்ணி நிக்குதே, எப்படி? உப்பு இழுக்குது. நாங்க அதை எதிர்ப்பக்கமா தள்ளுறோம். லாரி டயருக்கு அடிக்கிற காத்துல எட்டு மடங்கு அழுத்தம். அப்படித் தள்ளுனா உப்பு இந்தப் பக்கமே நின்னுடும், தண்ணி மட்டும் அந்தப் பக்கம் போயிடும்."

கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினை. ஆசைத்தம்பி அண்ணன் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பத்துக் குடம் ஊத்துனா எத்தனை குடம்டா தேறும்?"

"நாலுண்ணே."

"மீதி ஆறு?"

"அது இன்னும் கெட்டி உப்பு. பழைய எண்ணெய்க் கிணத்துக்குள்ளயே இறக்கிடுவோம்."

"தேறுன நாலை என்ன பண்ணுவே?"

"பிளாண்ட் கழுவலாம், சவுக்குக்கு ஊத்தலாம்..."

"சவுக்கையா திங்கிறோம்? என் நெல்லுக்கு ஊத்துவியா?"

"ஊத்துவேன்."

"அந்த நெல்லுச் சோத்தை உம் புள்ளைக்கு ஊட்டுவியா?"

அங்கே ஒரு ஆள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பழக்கம் இல்லை. "நெல்லு விளையுற வரைக்கும் ஏன்ணே காத்திருக்கணும்? வர்ற வியாழக்கிழமை என் மவ தாரகைக்குச் சோறூட்டுறோம். இந்தத் தண்ணியிலதான் உலை வைப்பேன். ஊரே வந்து பாருங்க!" என்றுவிட்டார். கைதட்டல் கூரையைத் தூக்கிவிட்டதாம். மேனேஜர் சார் மட்டும் தட்டவில்லையாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது சாமியாடி இறங்கின ஆள் மாதிரி இருந்தார்.

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"தெனம் ஒரு வாய் குடிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேன்ல?"

"நீங்க எண்பத்தெட்டு கிலோ. அவ ஏழரை கிலோ."

"நீ பயப்படுறே."

"எனக்கென்ன பயம்?" என்றேன். பயம் இல்லை, படிப்பு. ஆறாவதிலிருந்து பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வரை கான்வென்ட் அக்கா. உப்பு நின்றுவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணெயோடு கிடந்த தண்ணீரில் பென்சீன் என்று ஒன்று கரைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத விஷம். மெம்பரேனில் அதெல்லாம் நழுவிப் போகக்கூடியது. பென்சீனைப் படம் போடும்போது ஆறு மூலை போடுவோம். அந்த வாரம் முழுக்க எனக்கு எங்கே பார்த்தாலும் ஆறு மூலைதான். தரை டைல்ஸில், சைக்கிள் நட்டில், பாப்பாவின் கவுன் பூவில். நாங்க இந்துதான். ஆனால் மனசு கொஞ்சம் அப்படி இப்படி ஆனால் "அருள் நிறைந்த மரியே" தானாக வாயில் வந்துவிடும். அந்த வாரம் மாரியம்மன் கோவிலில் நின்றுகொண்டு மரியே மரியே என்றிருக்கிறேன். பூசாரி மாரியே என்றுதான் எடுத்துக்கொண்டார்.

சிரிங்க, சிரிங்க. பாப்பா குலுங்காமல் சிரிங்க.

வியாழக்கிழமை வந்துவிட்டது. பிளாண்டிலிருந்து எவர்சில்வர் குடத்தில் தண்ணீர் வருகிறது. எப்படி வருகிறது தெரியுமா? குடத்துக்கு மாலை போட்டு, முன்னால் டிரம் செட் அடித்துக்கொண்டு! கும்பாபிஷேகத்துக்குக் காவிரித் தீர்த்தம் வருகிற மாதிரி. ஊர் முழுக்க வாசலில். மேனேஜர் சார் மொபைலில் படம் பிடித்துக்கொண்டு வருகிறார். அவருக்கும் அதற்குள் ஆசை வந்துவிட்டது பாவம். குடத்தைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார்கள். அதே நேரத்துக்கு என் தம்பி கஜேந்திரன் கும்பகோணத்திலிருந்து சீர்வரிசையோடு வந்து இறங்கினான். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே முதல் சோறு. தட்டு வாங்க எல்லாரும் வாசலுக்கு ஓடிவிட்டார்கள். அடுப்படியில் நானும் குடமும்.

நான் யோசிக்கவே இல்லை அக்கா. குடத்தைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனேன். பிளாண்ட் தண்ணீரை நீல பக்கெட்டில் ஊற்றி மூடினேன். கொட்டிவிடலாம்தான். அவர் ராப்பகலாகக் குளிப்பாட்டி எடுத்த தண்ணீர், மனசு வரவில்லை. பிறகு கேன் தண்ணீரைக் குடத்தில் நிரப்பினேன். சீல் உடைக்காத புது கேன். நான் கேன் தண்ணீரைத் தவிர வேறு தொடுவது கிடையாது, பாப்பா வயிற்றிலிருந்த நாளிலிருந்து. மாலையைத் திரும்பப் போட்டேன். கொஞ்சம் கோணலாக இருந்தது, அதையும் சரி செய்தேன். அப்போது ஒரு சிரிப்பு வந்தது பாருங்க, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரிக்கிறேன். உலை வைப்பார்கள், சோறு வேகும், பாப்பா சாப்பிடுவாள், ஊர் கைதட்டும், இவர் வேலை நிரந்தரம் ஆகும், ஒரு சுவருக்கும் தெரியாது. இவ்வளவு சுலபமான வழி ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்றுகூட நினைத்தேன்.

தம்பியைத்தான் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன்.

அவன் கும்பகோணத்தில் வீடுகளுக்கு வாட்டர் ஃபில்டர் விற்கிறவன். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டுகிற மீட்டரைப் பேனா மாதிரி சட்டைப் பையிலேயே குத்தியிருப்பான். எந்த வீட்டுக்குப் போனாலும் சொம்பில் தண்ணீர் தந்தால் குடிக்க மாட்டான், முதலில் அதை முக்கிப் பார்ப்பான். அவன் கல்யாணப் பெண் பார்க்கப் போன வீட்டில் காப்பியில் முக்கிவிட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

"மச்சான் தண்ணிக்கு முதல் மரியாதை நம்ம மீட்டர்தான்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு குடத்துக்குள் விட்டான். மேனேஜர் சார் கிட்டே வந்து படம் எடுத்தார். ஆசைத்தம்பி அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

எண்ணூற்று நாற்பது.

தம்பி மீட்டரை உதறினான். மறுபடி விட்டான். எண்ணூற்று நாற்பத்திரண்டு.

"எங்க வீட்டுக் கைபம்பே அறுநூறுதாண்டா காட்டும் குணா! இதுக்கா எட்டு மடங்கு தள்ளுனே? இன்னும் நாலு மடங்கு தள்ளியிருந்தா கடலே வந்திருக்கும் போலயே!" என்றார் ஆசைத்தம்பி அண்ணன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டிரம் செட்காரன் வேறு ஒரு தட்டுத் தட்டினான். மேனேஜர் சார் மொபைலை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார்.

எங்க வீட்டுக்காரர் கிட்டே வந்தார் அக்கா. குடத்துக்குள் குனிந்து பார்த்தார். பிள்ளை விழுந்த கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி. "கிழிஞ்சிருக்கு. எங்கயோ கிழிஞ்சிருக்கு. காலையில நல்லாத்தானே இருந்துச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"கிழியல. நான் மாத்திட்டேன்" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். டிரம் செட் நின்றுவிட்டது. "அது கேன் தண்ணி. உங்க தண்ணி பாத்ரூம்ல நீல பக்கெட்ல இருக்கு."

ஊரே எங்க பாத்ரூமுக்குள் நுழையப் பார்த்தது. தம்பி பக்கெட்டை வெளியே தூக்கி வந்து நடு வாசலில் வைத்து முக்கினான்.

அறுபத்திரண்டு!

"ஏய்ய்ய்!" என்று ஒரு சத்தம். மேனேஜர் சார் கார் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடி வருகிறார். இவர் பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், நிஜமாகவே. எனக்கு வந்த கோபம் எல்லாம் கேன் போடுகிறவன் மேல். ஒன்றரை வருஷமாக அவன் அழகாக சீல் ஒட்டி ஒட்டி எனக்கு என்னத்தை ஊற்றியிருக்கிறான் பாருங்க!

"அப்பறம் என்ன? அறுபத்திரண்டு. வைங்கடா உலையை" என்றார் ஆசைத்தம்பி அண்ணன். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவரும் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தோடு விட்டிருந்தால் இன்று நான் இந்த பஸ்ஸில் இல்லை.

நான் உள்ளே போய் ஒரு டம்ளரும் சீனி டப்பாவும் எடுத்து வந்தேன். பக்கெட் தண்ணீரை மொண்டேன். மூன்று கரண்டி சீனி போட்டுக் கலக்கினேன். "இப்ப வச்சுப் பாருடா" என்றேன் தம்பியிடம். வைத்தான்.

அறுபத்திரண்டு.

"குடிச்சுப் பாருங்க அண்ணே" என்று ஆசைத்தம்பி அண்ணனிடம் டம்ளரை நீட்டினேன். அவர் நாக்கை நனைத்துப் பார்த்தார். "பாயசம் மாதிரி இனிக்குது."

"மூணு கரண்டி சீனி இந்த மீட்டருக்குத் தெரியல. இது உப்பை மட்டும்தான் சொல்லும். எண்ணெயோட கிடந்த தண்ணியில வேற என்ன இருந்தாலும் இதுக்குத் தெரியாது. சீனியாச்சும் நாக்குக்குத் தெரியும். அது நாக்குக்கும் தெரியாது. லேப்ல கொடுத்துப் பாக்காம என் புள்ளைக்கு இதுல உலை வைக்க விடமாட்டேன்."

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் காப்பாற்றின ஆளை நானே தள்ளிவிட்டேன் பார்த்தீங்களா? இவர் பக்கெட்டை விட்டுவிட்டு எழுந்து நின்றார். தம்பி மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எட்டு வருஷமாக நம்பிய சாமான் இப்படிக் காலை வாரிவிட்டதே என்று அவனுக்கு. மேனேஜர் சார் "குடிக்கிற தண்ணின்னு நாங்க எப்பவும் சொல்லலையே" என்றார். "படம் மட்டும் புடிச்சீங்க" என்றார் ஆசைத்தம்பி அண்ணன். ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாப்பா எங்கே?

தம்பி மீட்டரோடு அலைகிற அவசரத்தில் அவளை யார் மடியிலோ வைத்திருக்கிறான். அது ஆசைத்தம்பி அண்ணன் மடி! அவர் பாட்டுக்கு நியாயம் பேசிக்கொண்டிருக்கிறார், இவள் பாட்டுக்குச் சீர்த்தட்டிலிருந்த பால் பாயசத்தில் மணிக்கட்டு வரை கையை விட்டு வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள். வாயைச் சுற்றி, மூக்கில், அவர் வெள்ளைச் சட்டையில், எல்லாம் பருக்கை. எனக்கு உயிரே போய்விட்டது.

"அய்யோ, அதுல என்ன தண்ணி?"

"தண்ணியே இல்லக்கா, முழுக்கப் பாலு. நம்ம அம்மா காய்ச்சுனது" என்றான் தம்பி. அவன் கை மீட்டரோடு பாயசத்தைப் பார்த்து வந்தது. நான் போட்ட போட்டில் மீட்டர் முருங்கை மரத்தடியில் போய் விழுந்தது.

ஆசைத்தம்பி அண்ணன் மட்டும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவள் அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்டாள். அவர் ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து ஊட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "எம் மடியிலதான முதச்சோறு உண்டுச்சு? அப்ப நாந்தான் மாமன். பஞ்சாயத்தையும் மாமன்தான் தீப்பேன்" என்றார். தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

பஞ்சாயத்து இதுதான். தண்ணீரை முழுசாக லேபில் சோதிக்கவேண்டும். யார் கொண்டுபோவது? "கம்பெனி ஆளு கொண்டுபோனா வழியில மாத்துவான். நான் கொண்டுபோனா நான் மாத்திட்டேன்னு கம்பெனி சொல்லும். மாத்திப்புட்டு, தாங்கமாட்டாம சபையில ஒத்துக்கிற ஆளு இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். அதுகிட்டயே கொடுங்க."

ஊரே என் நேர்மையை நம்பி ஒப்படைத்திருக்கிறது அக்கா! காலேஜில் எனக்கு ஒரு மெடல்கூடத் தந்ததில்லை.

இன்று காலையில் இவரே பாட்டிலை நிரப்பினார். நானாகத்தான், "நல்லபடியா வந்தா உங்ககிட்டதான் முதல்ல போன் பண்ணுவேன்" என்றேன். பெட்டியில் ஐஸை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "எனக்குப் பண்ணாத. எப்படி வந்தாலும் முதல்ல ஆசைத்தம்பி அண்ணனுக்குப் படிச்சுச் சொல்லு. எனக்கு முதல்ல தெரிஞ்சா நான் ஏதாச்சும் பேசிடுவேன்." அவர் தன்னைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

தஞ்சாவூர் வந்துவிட்டதா? புது பஸ் ஸ்டாண்டு. பத்து நிமிஷம் நிற்குமாம். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்குகிறார்கள். நீங்க இறங்கவேண்டாமா? உங்களுக்கும் திருச்சிதானே? நல்லவேளை. என் பேச்சில் உங்க ஊர் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

இருங்க, போன். மேனேஜர் சார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் எடுக்கவில்லை. எடுக்கட்டுமா? சும்மா அடித்துக்கொண்டே இருந்தால் பாப்பா எழுந்துவிடுவாள்.

"சொல்லுங்க சார்... ஆமா சார், பஸ்லதான்... இல்ல சார், அண்ணன் கேட்டது அதைத்தானே, குடிக்கலாமா கூடாதான்னு... திங்கட்கிழமையா? நிரந்தர ஆர்டரா? அவருக்கா சார்? கையெழுத்தே ஆயிடுச்சா?"

அக்கா, இவருக்கு ஆர்டர் தயாராம். திங்கட்கிழமை கையில் தருகிறார்களாம். நான் இந்தப் பெட்டியோடு அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்துவிட்டால் போதுமாம். சோதனையைக் கம்பெனி பிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளுமாம். எதிரே பாருங்க, நாகப்பட்டினம் பஸ் நிற்கிறது. அவளை ஒரு நிமிஷம் இப்படிக் காட்டுங்க. ம்... ம். மூச்சு சீராக இருக்கிறது.

"சார், லைன்லதான் இருக்கேன். கேக்குதுங்களா? திரும்ப முடியாது சார். பஸ்ஸு தஞ்சாவூரைத் தாண்டிடுச்சு. ஆமா சார், எப்பவோ தாண்டிடுச்சு. சிக்னல் இல்ல, வச்சிடுறேன்."

அப்படிப் பார்க்காதீங்க அக்கா. சிரிக்கவும் சிரிக்காதீங்க, பாப்பா எழுந்துவிடுவாள். அதோ டிரைவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிஷத்தில் நான் சொன்னது உண்மையாகிவிடும்.